கீழே நின்ற பிள்ளை

1

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். ஊரில் பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. கடிதம் தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை. அதோடு இது என் மகளின் சங்கதி. பெண்பிள்ளையின் சங்கதியைத் தாயே கொண்டுபோய் நாலு பேருக்கு முன்னால் வைப்பதா என்ற பயம் வேறு. எழுத உட்காருவேன், பிள்ளையார் சுழி போடுவேன், அடுப்பில் பருப்பு இருக்கிறது என்று எழும்பிவிடுவேன். அப்படியே காலம் போய்விட்டது.

இந்த வருடம் கோயிலில் எங்கள் திருவிழா அன்று அன்னதான வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மா தோளில் தட்டினார்.

"உங்கட மகள்தானே அந்தப் போட்டியில லண்டனுக்கே முதலாவதா வந்தவ? கப் எல்லாம் குடுத்தவையாம்."

நான் இல்லை என்று சொல்வதற்குள் வரிசை நகர்ந்து, அவர் கையில் சாதமும் வந்துவிட்டது.

அதே கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து மச்சாள் போன் எடுத்தா. என் கணவரின் தங்கை.

"அண்ணி, குறை நினைக்காதேங்கோ. ஆரணி முந்தி அரைப் பாவாடையோட எங்கயோ மேடையில ஆடி, விழுந்து பல்லுடைஞ்சதாம் எண்டு இஞ்ச ஒரு கதை. நாளைக்குக் கலியாணம் பேசேக்க ஆரும் கேட்டா நான் என்ன சொல்லுறது?"

ஒரே நாளில் நடந்த ஒரே விஷயம். ஒரு பக்கம் கப், மறு பக்கம் உடைந்த பல். முருகா, இனி நானே எழுதினால்தான் சரி என்று நினைத்தேன்.

2

நாங்கள் இருப்பது கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில். நான் ஈஸ்ட் ஹாமில் ஒரு சாறிக் கடையில் பிளவுஸ் தைக்கிறேன். இவர் சாமான் லொறி ஓடுகிறார். ஆரணி எங்களுக்கு ஒரே பிள்ளை.

எங்கள் வீட்டில் சாமிக்கென்று தனியாக அறை இல்லை. முன் அறையில் டிவிக்குப் பக்கத்திலேயே சாமித் தட்டு. அதற்கு நானே மெரூன் பட்டில் ஒரு திரை தைத்துப் போட்டிருக்கிறேன். டிவியில் ஏதும் கூடாதது வந்தால் நான் எழும்பிப்போய்த் திரையை இழுத்து மூடுவேன். வெள்ளைக்காரப் படங்களில் எப்போது என்ன வரும் என்று தெரியாது. அதனால் ஆரணி ரிமோட்டைக் கையில் எடுத்தாலே என் கை திரைக்குப் போகும்.

"அம்மா, இது கார்ட்டூன்!"

"கார்ட்டூனிலயும் கட்டிப்பிடிக்கினம்."

அவளுக்குப் பதினைந்து வயது நடந்த வருடம் ஒரு அமெரிக்கப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பற்றிய பகிடிப் படம், சிரிக்க வைக்கிறது. சியர்லீடிங் என்று ஒன்று. ஊரில் உள்ளவர்களுக்குச் சொல்லவேண்டும்: விளையாட்டுப் போட்டி நடக்கும்போது ஓரத்தில் நின்று கோஷம் போட்டு உற்சாகப்படுத்துவதுதான் முதலில் இருந்ததாம். இப்போது அதுவே தனிப் போட்டி. பிள்ளைகள் கூட்டமாக ஆடி, கரணம் அடித்து, ஒருத்தியைத் தூக்கி நிறுத்தி, எறிந்து, பிடிக்கிறார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதற்கு வருடம் முழுக்கப் பழகுகிறார்கள்.

அந்தப் படத்தில் தலைவியாக இருந்தவளுக்குக் கால் முறிந்துவிடும். ஒருத்தரும் கணக்கெடுக்காத ஒரு பிள்ளையை அவளிடத்தில் மேலே ஏற்றுவார்கள். இடையில் பொடியன்களின் அசட்டுப் பகிடிகள். கடைசியில் பெரிய கப், கண்ணீர். நான் முதல் நாள் பார்த்தது அரைகுறையாகத்தான். பாவாடையின் அளவைக் கண்டதும் திரையை மூடிவிட்டேன். இவர் எழும்பித் தேநீர் போடப் போனவர், படம் முடியும்வரைக்கும் குசினியிலேயே தேநீர் போட்டார்.

இன்னொரு நாள் அதே படம் ஓடும்போது நான் பாவாடை ஒன்றுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். மேலே ஏறிய பிள்ளை கையை விரித்துச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"வடிவாத்தான் நிக்கிறாள்," என்றேன்.

ஆரணி படத்தை நிறுத்தினாள். "அம்மா, கீழ பாருங்கோ."

கீழே மூன்று நான்கு பிள்ளைகள். ஒருத்தியின் முகம் தெரியவில்லை. கையும் கழுத்தும் மட்டும் தெரிந்தன. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"அதுதான் நான்," என்றாள்.

எங்களுக்குத் தெரியாமலே அவள் பள்ளிக்கூடத்துச் சியர்லீடிங் குழுவில் சேர்ந்து மாதக்கணக்காகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பழகியிருக்கிறாள். படத்தை எங்கள் முன்னால் திரும்பத் திரும்பப் போட்டதெல்லாம் எங்களைப் பழக்குவதற்குத்தான் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

3

நான் கேட்ட முதல் கேள்வியை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஏன் சேர்ந்தாய் என்று நான் கேட்கவில்லை.

"ஏன், உன்னை மேல ஏத்த மாட்டினமோ?"

"அம்மா! நான் உயரம். உயரமான ஆக்கள் கீழதான் நிக்கோணும்."

குசினியிலிருந்து இவர் வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"அப்ப மேல ஏறுறவளின்ர சப்பாத்துக் கால் எங்க வைக்கிறது?"

ஆரணி தன் தோளைத் தொட்டுக் காட்டினாள்.

இவருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ர பிள்ளையின்ர தோளில ஆரோ ஒருத்தி சப்பாத்தோட மிதிக்கிறதோ? புத்தகத்தில கால் பட்டாலே தொட்டுக் கும்பிடுற ஆக்கள் நாங்கள்."

"அது மிதிக்கிறேல்லை அப்பா. அவள் என்னை நம்பி நிக்கிறாள்."

மேலே நிற்கிறவளின் பெயர் தெமி. நைஜீரியா நாட்டுப் பிள்ளை. இரண்டு தெரு தள்ளி வீடு. சின்ன உருவம், பெரிய குரல். எங்கள் வீட்டுக்கு வந்தால் "அங்கிள், அன்ரி" என்று கூப்பிட்டு, வடையை இரண்டு கையாலும் எடுப்பாள். அவளில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

போட்டிக்கென்று சிவப்பு உடுப்பு வந்தது. பாவாடை எவ்வளவு கட்டை என்றால், என் கடையில் அந்த அளவுத் துணியைச் சாம்பிள் பார்க்க வெட்டிக் கொடுப்போம். நான் சும்மா இருக்கவில்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போன நேரம், கடையில் மிஞ்சிய சிவப்புப் பட்டுத் துணியில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு கரை வைத்துத் தைத்துவிட்டேன். சின்னதாக ஜரிகையும் இருந்தது. கோயிலுக்கே போகலாம் போல வந்தது.

"அம்மா! பதினாறு பேரும் ஒரே மாதிரி இருக்கோணும்! நான் மட்டும் கலியாண வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறதோ?"

அழுதாள். பிறகு என் பிளேடை எடுத்துக்கொண்டு மூலையில் இருந்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். துணியில் ஒரு கீறல் விழவில்லை. தையல் பிரிப்பது எப்படி என்று நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

மறுநாள் கதவைத் தட்டியது தெமியின் அம்மா. நல்ல உயரமான மனுசி. ஞாயிற்றுக்கிழமைகளில் தலையில் பெரிய துணி கட்டித் தேவாலயத்துக்குப் போவதைக் கண்டிருக்கிறேன், கதைத்ததில்லை. நான் பாவாடையை நீட்டின கதையைத் தெமி சொல்லியிருக்கிறாள். சண்டைக்கு வந்திருக்கிறாரோ என்று பயந்தேன். தன் மகளின் பாவாடையை என் முன்னால் விரித்துப் பிடித்து, இதற்கும் கரை வைப்பீர்களா என்று கேட்டார்! என் இங்கிலீஸ் அரைகுறை. அவருடையது எனக்கு வேகம். ஆனால் இரண்டு பேரும் அந்தப் பாவாடையைப் பார்த்துத் தலையை ஆட்டியபோது ஒரு மொழியும் தேவைப்படவில்லை. இருவருமாகப் பள்ளிக்கூடம் போனோம். பழக்குகிற ரீச்சர் இளம்பிள்ளை. கடைசியில் எல்லாப் பிள்ளைகளும் உள்ளே கறுப்பு நீளக் காற்சட்டை போடுவது என்று முடிவானது. பதினாறு பேரும் ஒரே மாதிரி.

4

பெரிய இடி அதற்குப் பிறகுதான் வந்தது. போட்டி நடக்கும் சனிக்கிழமையும் எங்கள் திருவிழாவும் ஒரே நாள்.

கோயில் கொடியேறினால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்தின் திருவிழா. எங்கள் நாளில் நாங்கள் மூன்று பேரும் சங்கல்பத்துக்கு நிற்கவேண்டும். பின்னேரம் சாமி வெளிவீதி வரும். இங்கே வெளிவீதி என்பது கார் நிறுத்துகிற இடம்தான். ஆனாலும் முருகன் வருகிறபோது அது வீதிதான். இவர் வாகனத்தின் கீழே நின்று தோள் கொடுப்பார். முன்பக்கத்து இடது தடி இவருடையது. வலது தடியில் சிவராசா அண்ணை. இரண்டு பேரும் ஒரே உயரம். வருடக்கணக்காக அந்த இரண்டு தோளில்தான் முன்பக்கம் நிற்கிறது.

பள்ளிக்கூடத்திலிருந்து எல்லாம் போனில்தான் வரும். பிள்ளையைப் போட்டிக்கு அனுப்பச் சம்மதம் என்றால் பச்சைப் பெட்டியைத் தொடவேண்டும். அது இவருடைய போனில்தான். இவர் அதைப் பார்ப்பார், போனைக் கவிழ்த்து வைப்பார். அப்படியே ஒரு கிழமை.

"முருகன்ர நாளை விட்டிட்டுப் போய்த் துள்ளுறதோ? ஏலாது. அடுத்த வருசம் போகட்டும்."

"அடுத்த வருசம் பரீட்சை அப்பா. இதுதான் கடைசி."

"அப்ப வேற ஆரும் நிக்கட்டும்."

ஆரணி சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் இவர் அசைந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நீங்கள் அண்டைக்குக் கோயிலுக்குப் போகாட்டி, சிவராசா மாமாவோட ஆர் நிப்பினம்?"

"அதெப்பிடிப் போகாமல் விடுறது?"

"போக ஏலாமல் போச்செண்டால்?"

"என்ர உயரத்துக்கு அங்க ஆள் இல்லை. கட்டையானவன் நிண்டா முழுப் பாரமும் அண்ணைக்குப் போகும். சாமி சரிஞ்சிடும்."

"எனக்கும் அதுதானப்பா," என்றாள். "மற்றப் பக்கத்தில நிக்கிறவளும் நானும்தான் ஒரே உயரம். வேற ஆள் நிண்டா தெமி சரிஞ்சிடுவாள்."

"சாமியும் அந்தப் பிள்ளையும் ஒண்டோ?" என்றார் இவர்.

"நான் ஒண்டெண்டு சொல்லேல்லை. கீழ நிக்கிறது ஒண்டு."

இவர் எழும்பினார். கை கழுவினார், ஜக்கெற்றைப் போட்டார், வேலைக்குப் போய்விட்டார். நான் சாமித் தட்டுக்கு முன்னால் போய் நின்றேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. முருகன் பக்கம் நின்று பிள்ளைக்கு எதிராகக் கேட்பதா, பிள்ளை பக்கம் நின்று முருகனுக்கு எதிராகக் கேட்பதா? கடைசியில் ஒன்றும் கேட்காமல் விளக்கை மட்டும் தூண்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் ஆரணி போனைக் கையில் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் ஓடி வந்தாள். சம்மதம் கிடைத்துவிட்டது என்று பள்ளிக்கூடத்திலிருந்து செய்தி. லொறி ஓடுகிற வழியில் எங்கேயோ நிறுத்திவிட்டு இவர் பச்சைப் பெட்டியைத் தொட்டிருக்கிறார்.  வீட்டுக்கு வந்து என்னிடம் மட்டும் சொன்னார்:

"இஞ்சேரும், நீர் பிள்ளையோட போம். சங்கல்பத்தில உங்கள் ரெண்டு பேரின்ர பேரும் நட்சத்திரமும் நான் சொல்லுறன். முருகன்தானே, அவருக்கு விளங்கும்."

5

போட்டி நடந்தது நகரத்துக்கு வெளியே பெரிய உள்ளரங்கு ஒன்றில். பின்னேரம் நேரே கோயிலுக்குப் போகவேண்டும் என்பதால் நான் சாறியோடு போனேன். விரதமும்கூட. வாசலில் பையைச் சோதித்தார்கள். கடதாசியில் மடித்திருந்த விபூதியைக் காவலுக்கு நின்ற பொடியன் விரித்துப் பார்த்து, இந்த வெள்ளைப் பவுடர் என்ன என்று கேட்டான். என் இங்கிலீஸ் அந்த நேரம் பார்த்து ஓடிவிட்டது. நான் என் நெற்றியைக் காட்டினேன். அவன் பார்த்தான், திரும்ப அழகாக மடித்துத் தந்தான்.

உள்ளே தலைமுடிக்கு அடிக்கிற ஸ்பிரேயின் வாசனை மூச்சை அடைத்தது. எங்கே பார்த்தாலும் மினுக்கம், ரிப்பன், பாட்டுச் சத்தம். படத்தில் பார்த்ததுபோல ஒருத்தரை ஒருத்தர் முறைக்கிற பிள்ளைகளைக் காணவில்லை. எல்லாம் பயந்துபோய்த் தண்ணீர் குடிக்கிற பிள்ளைகள். ஆரணிக்கு நெற்றியில் தெரியாத அளவுக்குக் கீற்றாக விபூதி தொட்டேன். தெமி பக்கத்தில் நின்று பார்த்தாள். அவளுடைய அம்மா பார்க்கிறாரோ என்று நான் தயங்க, அவர் மகளின் தலையில் கை வைத்துக் கண்ணை மூடித் தன் ஜெபத்தைச் சொன்னார். பிறகு என் மகளின் தலையிலும் கை வைத்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எங்கள் பிள்ளைகளின் முறை வந்தது. பாட்டுத் தொடங்கியது. ஆடினார்கள், உருண்டார்கள், வரிசை மாறினார்கள். பிறகு நடுவில் கூடினார்கள். ஆரணி குனிந்து நிமிர்ந்தாள். தெமி மேலே போனாள்.

ஊரில் நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து, சாமி தோளுக்கு ஏறுகிற அந்த நொடியில் வாயிலிருந்து ஒன்றுதான் வரும். அது நான் நினைத்துச் சொல்வதில்லை. தானாக வருவது.

"அரோகரா!"

அந்த அரங்கு முழுக்கக் கேட்டது. எங்களுக்கு முன்னால் இருந்த வரிசை முழுதும் திரும்பிப் பார்த்தது. எனக்கு உடம்பு கூசிப்போனது. அப்போது பக்கத்தில் ஒரு கையால் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்த தெமியின் அம்மா, என் சத்தம் என்னவென்று கேட்காமல், மறு கையைத் தூக்கி என்னைவிடப் பெரிதாகச் சொன்னார்:

"ஆமென்!"

நான் மேலே பார்க்கவில்லை. இத்தனை வருடமும் சாமியைத்தான் பார்த்திருக்கிறேன். தூக்குகிறவர்களின் முகத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. அன்றைக்கு நான் கீழே மட்டும் பார்த்தேன். என் பிள்ளையின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண் ஒரு இடத்தில் குத்தி நின்றது. சின்ன வயதில் பால் குடிக்காமல் அடம்பிடிக்கிறபோது அப்படித்தான் பார்ப்பாள்.

கடைசியாக ஒரு தரம் தூக்கினார்கள். தெமி ஒரு காலை மடக்கித் திரும்பினாள். காலை வைக்கிறபோது இடம் தவறிவிட்டது. பின்பக்கமாகச் சரிந்தாள். தெமியின் அம்மா என் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் நெளிந்துபோனது.

ஆரணி விலகவில்லை. விலகியிருந்தால் ஒன்றும் பட்டிருக்காது. இரண்டு கையையும் விரித்து அவளுக்குக் கீழே போனாள். தெமியின் முழங்கை இவளுடைய வாயில் அடித்தது. ஆரணி முழங்காலில் விழுந்தாள். விழுந்தும் தெமியை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மற்றப் பிள்ளைகளும் கை கொடுத்தார்கள். தெமி நிலத்தில் படவில்லை.

பிறகு எழும்பி, மிச்சத்தை ஆடினார்கள். என் பிள்ளை உதட்டில் இரத்தத்தோடு சிரித்துக்கொண்டு ஆடினாள். முடியும்வரை சிரிக்கவேண்டுமாம்.

கப் கிடைக்கவில்லை. முதல் மூன்று இடத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயர் வரவில்லை. தெமி ஓரத்தில் இருந்து தேம்பித் தேம்பி அழுதாள். ஆரணி ஐஸ் பையை உதட்டில் வைத்தபடி அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பல் எல்லாம் பத்திரமாக இருந்தது. நான் எண்ணிப் பார்த்தேன்.

"நோகுதா குஞ்சு?"

"அவள் நிலத்தில படேல்லை அம்மா," என்றாள். நான் கேட்டதற்கு அது பதிலில்லை. ஆனால் அவள் சொல்ல நினைத்தது அது ஒன்றுதான்.

6

தெமியின் அம்மா தன் காரில் எங்களைக் கோயிலுக்குக் கொண்டுவந்து விட்டார். சாமி வெளியே வந்துவிட்டது. மேளச் சத்தம் தெருவரை கேட்டது. ஆரணி கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். உடுப்புக்கு மேலே நீளச் சட்டை, கன்னத்தில் மினுக்கம், வீங்கிய உதடு. சில பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நான் அவளோடு ஒட்டி நின்றேன். அந்தப் பார்வைகளிலிருந்துதான் கப்பும் உடைந்த பல்லும் பிறந்திருக்கவேண்டும்.

இவர் தடிக்குக் கீழே வந்தார். தோளில் பாரம் இருக்கும்போது திரும்ப முடியாது. கண்ணால் மட்டும் பிள்ளையைக் கண்டார். உதட்டைக் கண்டதும் கண் பதறியது. ஆனால் கால் தவறவில்லை. தாங்கள் வெல்லவில்லை என்று ஆரணி தலையை ஆட்டினாள். பிறகு தன் தோளில் இரண்டு தரம் தட்டிக் காட்டினாள்.

மறுநாள் ஞாயிறு. காலையில் முன் அறையில் இரண்டு பேரையும் இருத்தி நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசினேன். இவருடைய தோளில் தடி பட்ட சிவப்பு. அவளுடைய தோளில் சப்பாத்துப் பட்ட சிவப்பு. ஒரே கிண்ணத்து எண்ணெய்தான்.

"விழேக்க ஏன் விலகேல்லை?" என்று இவர் கேட்டார்.

"விலகக் கூடாதப்பா. என்ன நடந்தாலும் மேல நிக்கிறவளை நிலத்தில விடக் கூடாது. எங்களுக்கு முதலாவது சட்டம் அது."

 இவர் தொண்டையைச் செருமினார்.

"ஆரும் அதைப் படம் எடுத்தவையோ?"

தெமியின் அம்மா எடுத்து அனுப்பியிருந்தார். ஆரணி அதை டிவியில் போட்டாள். பாட்டுத் தொடங்கியது, சிவப்புப் பாவாடைகள் வந்தன. என் கை பழக்கத்தில் சாமித் திரைக்குப் போய்விட்டது.

"விடும்," என்றார் இவர். "அவரும் பாக்கட்டும்."

படத்தில் தெமி மேலே போனபோது என் "அரோகரா"வும் அந்த அம்மாவின் "ஆமென்"னும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டன. ஆரணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், உதடு நோகுது நோகுது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை. டிவிக்கு நெருங்கிப் போய், மேலே பார்க்காமல், கீழே நிற்கிற பிள்ளையை விரலால் தொட்டார்.

7

ஆரணி இப்போது வேறு ஊரில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கிழமைக்கு ஒரு தரம் போன். பாதித் தமிழ், பாதி இங்கிலீஸ். தூரமாகப் போகிறாளே என்று சில நாள் எனக்குக் கலக்கம் வரும். அப்போது அந்தப் படத்தைப் போட்டுப் பார்ப்பேன், திரையைத் திறந்து வைத்துக்கொண்டு. இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டபோது சொன்னாள்: "எழுதுங்கோம்மா. ஆனா என்னை வெல்ல வைக்காதேங்கோ."

ஆகையால் படிக்கிற உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதை உங்கள் வீட்டிலும் தெரிந்தவர்களிடமும் சொல்லுங்கள், மச்சாள் வீட்டுப் பக்கம் கட்டாயம் சொல்லுங்கள். சொல்லும்போது அவள் கையில் கப் கொடுக்கவேண்டாம். பல்லையும் உடைக்கவேண்டாம். பாவாடை கட்டைதான், அதையும் மறைக்கவேண்டாம். என் பிள்ளை கீழே நின்றாள், மேலே நின்ற பிள்ளையை நிலத்தில் விடவில்லை. இவ்வளவுதான் நடந்தது. இவ்வளவையும் இப்படியே சொல்லுங்கள்.